அச்சாரம் பெற்றவரின் காத்திருப்பு

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'எனக்கு இறைவனிடம் நம்பிக்கை உண்டு' என்கிறோம். 'இந்த ஆண்டு மழை பெய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறது' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் நம்பிக்கை ஒருவர்மீது வைக்கப்படுகிறது. இரண்டாவதில் அது இனி வரவிருக்கும் ஒன்றை நோக்கி நிற்கிறது. அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாடு நமக்கு எந்த இடையூறும் தருவதில்லை. ஆனால் கிறிஸ்தவ சமய நூல்களைத் தமிழில் பெயர்க்க முற்படுபவர் இந்த இடத்தில் சற்றுத் தயங்கி நிற்கவே வேண்டியிருக்கிறது.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஒன்று 'பிஸ்டிஸ்', மற்றது 'எல்பிஸ்'. இவற்றுடன் 'அகாபே' என்னும் அன்பும் சேர்ந்து, இறைவனையே நேரடி இலக்காகக் கொண்ட மூன்று நற்பண்புகளாகக் கிறிஸ்தவ மரபில் போற்றப்படுகின்றன. தமிழகத்துக் கத்தோலிக்கர்கள் இவற்றை 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று வழங்கி வந்தனர். அண்மைக் காலத்தில் எல்பிஸ் என்பதைக் குறிக்க 'எதிர்நோக்கு' என்ற சொல்லும் அவர்களிடையே வழக்கிற்கு வந்திருக்கிறது. பொருத்தமான சொல்தான். வரும் திசையை நோக்கி முகம் திருப்பி நிற்பது என்ற பொருள் அதில் இயல்பாகவே அமைந்துள்ளது.

விசுவாசத்தைப் பற்றியும் அன்பைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் எதிர்நோக்கோ அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. துன்பம் நீண்டு, பிரார்த்தனைக்குப் பதில் வராமல், நாட்கள் மட்டும் கழிந்துகொண்டிருக்கும்போது அதன் தேவை தெரிகிறது. கிறிஸ்தவர்கள் எதை எதிர்நோக்குகிறார்கள், எந்த அடிப்படையில் எதிர்நோக்குகிறார்கள், அந்த எதிர்நோக்கு மனிதனை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

எதிர்நோக்கப்படுவது எது?

ஏறத்தாழ கி.பி. 30-ஆம் ஆண்டில் ஜெருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடித்தளம். இந்த உயிர்த்தெழுதலைத் தனி ஒருவருக்கு நிகழ்ந்த அற்புதமாக மட்டும் அவர்கள் காண்பதில்லை. புனித பவுல் இதற்கு 'முதற்பலன்' என்ற உவமையைப் பயன்படுத்துகிறார். வயலில் முதலில் முற்றிய கதிர்க்கட்டை யூதர்கள் ஆலயத்தில் காணிக்கையாகச் செலுத்துவார்கள். முதற்கதிர் வந்துவிட்டது என்றால் வயல் முழுவதும் விளையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதுபோல, இயேசுவுக்கு நிகழ்ந்தது எல்லோருக்கும் நிகழவிருப்பதன் தொடக்கம் என்று பவுல் போதித்தார்.

கிறிஸ்து மீண்டும் வருவார், மரித்தவர்கள் எழுவார்கள், அநீதிக்கு முடிவு வரும், படைப்பு முழுவதும் அழிவின் பிடியிலிருந்து விடுபடும், மனிதர்கள் இறைவனை நேருக்கு நேர் கண்டு வாழ்வார்கள். இதுவே அவர்கள் எதிர்நோக்கும் மீட்பு. இதை நமக்குப் பழக்கமான முக்தி, வீடுபேறு ஆகிய சொற்களோடு அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடக் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. உடல் விட்டொழிக்கப்படுவதில்லை; அது மாற்றம் பெற்று எழுப்பப்படுகிறது. மீட்பு தனி ஆன்மாவோடு நின்றுவிடுவதில்லை. மனித குலமும் மண்ணும் விண்ணும் அதில் பங்கு பெறுகின்றன. இறுதியாக, அது இறைவனின் வாக்குறுதியால் கிடைக்கிறது; மனிதனின் முயற்சி அந்த வாக்குறுதிக்கு அளிக்கும் பதிலாக அமைகிறது.

பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்களைக் கூர்ந்து படிப்பவர்கள் மற்றொன்றையும் காணலாம். மீட்பு நிகழ்ந்துவிட்டது என்றும், நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்றும், இனி நிகழும் என்றும் மூன்று காலங்களிலும் அவை பேசுகின்றன. இது முரண்பாடு ஆகாது. எதிர்நோக்கின் இரகசியமே இந்த மூன்று காலங்களின் இணைப்பில்தான் இருக்கிறது.

தெசலோனிக்கா நகரின் கேள்வி

தெசலோனிக்கா வடக்கு கிரேக்கத்தில் உள்ள துறைமுக நகரம். ரோமப் பேரரசின் மாசிதோனியா மாகாணத்திற்கு அது தலைநகராக விளங்கியது. எக்னாசியா என்ற புகழ்பெற்ற ரோமானிய நெடுஞ்சாலை அதன் வழியாகச் சென்றது. கி.பி. 50-ஐ ஒட்டிய காலத்தில் பவுல் தம் தோழர்களுடன் அங்கு வந்து போதித்தார். சிறியதொரு கிறிஸ்தவ சமூகம் உருவாயிற்று. விரைவிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. இரவோடு இரவாக அவர் நகரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

புதிதாக நட்ட நாற்றை விட்டுவந்த உழவனைப்போல் பவுலின் மனம் அந்தச் சமூகத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. ஏதென்ஸிலிருந்து தம் சீடர் திமொத்தேயுவைத் திரும்ப அனுப்பினார். அவர் கொண்டுவந்த செய்தியைக் கேட்டபின், கொரிந்து நகரிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். பவுல் கொரிந்தில் இருந்தபோது கல்லியோ என்ற ஆளுநர்முன் நிறுத்தப்பட்டார் என்ற குறிப்பு உண்டு. கல்லியோ கி.பி. 51-52 அளவில் பதவியில் இருந்ததை டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டு காட்டுகிறது. எனவே இக்கடிதம் கி.பி. 50 அல்லது 51-இல் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய ஏற்பாட்டு நூல்களுள் இதுவே மிகப் பழமையானது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நற்செய்தி நூல்கள் நான்கும் இதற்குப் பின்னரே எழுதப்பட்டன.

திமொத்தேயு கொண்டுவந்த செய்தி என்ன? தெசலோனிக்கா மக்கள் விசுவாசத்தில் உறுதியாக இருந்தனர். ஆனால் ஒரு கவலை அவர்களை வாட்டியது. கிறிஸ்து விரைவில், தங்கள் வாழ்நாளிலேயே வந்துவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். அதற்குள் அவர்களுள் சிலர் இறந்துவிட்டார்கள். 'கண்மூடியவர்களின் கதி என்ன? அந்த நாளைக் காணாமலே அவர்கள் இழந்துபோனார்களா?' என்று எஞ்சியிருந்தவர்கள் கலங்கினர்.

அறிஞர் சபையில் எழுந்த ஐயம் அன்று இது. இறந்தவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியவர்கள் கேட்ட கேள்வி. வாக்குறுதி நிறைவேறுவதற்கு முன்பே வாழ்க்கை முடிந்துவிட்டால் அந்த வாக்குறுதிக்கு என்ன பொருள்? அன்புக்குரியவரை இழந்த எவரும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கேட்டிருப்பார்.

பவுலின் மூன்று பதில்கள்

பவுல் அவர்களின் அழுகையைத் தடை செய்யவில்லை. துயரத்தில் இரண்டு வகை உண்டு என்று காட்டுகிறார். இனி ஒன்றுமே இல்லை என்று கதவடைத்துக்கொள்ளும் துயரம் ஒன்று. பிரிவின் வலியோடு எதிர்நோக்கையும் சேர்த்துச் சுமக்கும் துயரம் மற்றொன்று. இயேசு இறந்து எழுந்தார் என்பது உண்மையானால், அவரில் துயில்கொண்டவர்களை இறைவன் கைவிடமாட்டார். உயிரோடு இருப்பவர்கள் அவர்களை முந்திக்கொள்ளப் போவதும் இல்லை என்கிறார் அவர். வானத்தில் நிகழவிருப்பவற்றை அவர் வருணித்த இடங்களைப் பிற்காலத்தவர் கால அட்டவணையாக வாசித்ததுண்டு. ஆனால் அவர் அப்பகுதியை முடிக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: இவற்றைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறார். ஆறுதலே அவருடைய நோக்கம்.

இரண்டாவது, அந்த நாள் எப்போது வரும் என்ற கேள்வி. இதற்கு அவர் தேதி எதுவும் தரவில்லை. இரவில் வரும் திருடனின் உவமையைச் சொல்லி விழித்திருக்கும்படி அறிவுறுத்துகிறார். நாள் தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய இரவு மட்டும் விழித்திருந்தால் போதும் என்று மனிதன் நினைப்பான். தெரியாததால் ஒவ்வொரு நாளும் விழிப்புக்குரிய நாளாகிறது.

மூன்றாவது பதில் பலரும் எதிர்பாராதது. அமைதியாக வாழுங்கள், உங்கள் அலுவல்களைப் பாருங்கள், சொந்தக் கைகளால் உழையுங்கள் என்கிறார் பவுல். எவருக்கும் சுமையாகிவிடக் கூடாது என்று இரவும் பகலும் தாம் பாடுபட்டதை அவர் முன்னதாகவே நினைவூட்டியிருக்கிறார். கூடாரம் செய்வது அவருடைய தொழில். தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதம் பவுலே எழுதியதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பானது. வேலையை விட்டுவிட்டுப் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிபவர்களை அது வெளிப்படையாகவே கடிந்துகொள்கிறது.

கிறிஸ்துவின் வருகைக்குப் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் 'பரூசியா'. மன்னர் ஒரு நகரத்திற்கு எழுந்தருளுவதற்கும் அக்காலத்தில் அச்சொல் வழங்கியது. மன்னர் வருகிறார் என்று கேள்விப்பட்ட நகரம் தூங்கிக்கொண்டிருக்காது. வீதியைச் செப்பனிடும்; வாயிலை அலங்கரிக்கும். காத்திருத்தல் அங்கே வேலையாகவே வெளிப்படுகிறது. அதனால்தான் போலும், இக்கடிதத்தின் இறுதிப் பகுதியில் விசுவாசத்தையும் அன்பையும் மார்புக் கவசமாகவும், மீட்பின் எதிர்நோக்கைத் தலைக்கவசமாகவும் அவர் உருவகம் செய்கிறார். தலைக்கவசம் அணிபவன் போர்க்களத்திற்குப் புறப்படுபவன் அல்லவா?

அச்சாரம் என்ற சொல்

அப்படியானால் இந்த எதிர்நோக்குக்கு ஆதாரம் எது? ஆசைப்படுகிறோம் என்பதற்காக ஒன்று நடந்துவிடுமா? இங்கேதான் மற்றொரு கிரேக்கச் சொல் நமக்கு உதவுகிறது. அது 'அரபோன்'. சமயச் சொல் அன்று. சந்தையில் வழங்கிய சொல். செமித்திய வணிகர்களிடமிருந்து கிரேக்கத்திற்கு வந்தது. ஒரு பொருளை வாங்க முடிவு செய்தவர் விலையில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்துப் பேரத்தை உறுதி செய்வார். அந்த முன்பணமே அரபோன். இறைவன் தம் தூய ஆவியை மனிதர் உள்ளத்தில் அரபோனாகத் தந்திருக்கிறார் என்று பவுல் எழுதுகிறார்.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு 'அச்சாரம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். மாட்டுச் சந்தையிலும் நிலப் பேச்சிலும் திருமண ஏற்பாட்டிலும் நம் மக்கள் நாவில் புழங்கும் சொல் அது. அச்சாரம் கைமாறியபின் நிலை மாறிவிடுகிறது. முழுத்தொகை இன்னும் வரவில்லை. ஆயினும் வெறுங்கையாகவும் இல்லை. வரவிருப்பதன் ஒரு பகுதி, அதே நாணயத்தில், ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. இன்றைய கிரேக்க மொழியில் இச்சொல்லின் வழிவந்த சொல் திருமண நிச்சயதார்த்தத்தைக் குறிக்கிறது என்பதும் சிந்திக்கத் தக்கது.

கிறிஸ்தவ எதிர்நோக்குக்கும் வெறும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எதிர்பார்ப்பு வெளிச் சூழ்நிலைகளைக் கணக்கிடுகிறது. அவை மாறினால் அதுவும் மாறும். எதிர்நோக்கு, பெற்றுக்கொண்ட அச்சாரத்தைப் பார்க்கிறது. பகைவனை மன்னிக்க முடிந்த ஒரு கணம், கைம்மாறு கருதாமல் செய்த ஒரு தொண்டு, துன்பத்தின் நடுவே பிரார்த்தனையில் கிடைத்த அமைதி ஆகிய இவற்றை வரவிருக்கும் வாழ்வின் முன்சுவையாக அவர்கள் கருதுகிறார்கள். 'ஏற்கெனவே வந்துவிட்டது' என்பதும் 'இன்னும் வரவில்லை' என்பதும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் எதிர்நோக்கு கெட்டுப்போகும்.

நான்கு இலக்கணங்களும் இரண்டு குற்றங்களும்

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தப் பண்பைத் தத்துவ நோக்கில் ஆராய்ந்தார். எதிர்நோக்கப்படும் பொருளுக்கு நான்கு இலக்கணங்களை அவர் வகுத்தார். அது நன்மையாக இருக்க வேண்டும். தீமையை நாம் அஞ்சுகிறோமே தவிர எதிர்நோக்குவதில்லை. அது வருங்காலத்திற்கு உரியதாக இருக்க வேண்டும்; கையில் இருப்பதை அனுபவிக்கிறோம். அது அரியதாக இருக்க வேண்டும். எளிதில் கிட்டுவதை விரும்பினாலே போதும். இறுதியாக, அது அடையக் கூடியதாக இருக்க வேண்டும். முடியாததை எவரும் எதிர்நோக்குவதில்லை.

மீட்பு மனித ஆற்றலுக்கு அரியது. ஆனால் இறைவனின் துணையால் அடையக் கூடியது. 'அரியது' என்பதையும் 'அடையக் கூடியது' என்பதையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டால்தான் மனம் நேராக நிற்கும். ஒன்று நழுவினால் இரண்டு குற்றங்களுள் ஒன்றில் விழுகிறோம்.

'அடையக் கூடியது' என்பது நழுவினால் வருவது அவநம்பிக்கை. 'என்னைப் போன்றவனுக்கு மன்னிப்பு ஏது? இந்த உலகம் திருந்துமா?' என்று அது கேட்கிறது. பணிவுபோல் அது தோற்றமளிக்கும். உண்மையில், இறைவனின் கருணைக்கு நாமே எல்லை வகுத்துவிடுகிறோம்.

'அரியது' என்பது நழுவினால் வருவது துணிச்சல் மிகுந்த தன்னுறுதி. 'எப்படி வாழ்ந்தாலும் எனக்கு மீட்பு நிச்சயம்' என்று சோம்பியிருப்பதும், 'இறைவனின் திட்டம் எனக்குத் தெரியும்' என்று கணக்குப் போடுவதும் இதன் வடிவங்கள். வரலாற்றில் இதற்கு வருந்தத்தக்க உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் நூலின் எண்களைக் கணக்கிட்டுக் கிறிஸ்துவின் வருகைக் காலத்தை அறிவித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நம்பினர். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த நாள் வந்தது, வழக்கம்போல் கழிந்தது. 'பெரும் ஏமாற்றம்' என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. அவர்கள் கபடமற்றவர்கள், பக்தி மிகுந்தவர்கள். ஆனால் வாக்குறுதியை நாட்காட்டியாக மாற்றியபோது, வாக்களித்தவரைவிடத் தங்கள் கணக்கின்மீதே சாய்ந்துவிட்டார்கள்.

மயக்க மருந்தா?

அதே 1844-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரையில் கார்ல் மார்க்ஸ் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டார். வரப்போகும் சொர்க்கத்தைக் காட்டி, இன்றைய அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்பது சமயத்தின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. இதைச் சினத்துடன் ஒதுக்கிவிடுவது முறையாகாது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் பலர், இவ்வுலகில் கீழ்ப்படிந்தால் மறுவுலகில் பரிசு உண்டு என்று அந்த அடிமைகளுக்குப் போதிக்கச் செய்தது உண்மை. எதிர்நோக்கை மயக்க மருந்தாக்க முடியும், ஆக்கியும் இருக்கிறார்கள்.

இதற்கு ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926-2024) அளித்த பதில் குறிப்பிடத்தக்கது. 1943-இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அருகில் நின்ற நண்பன் இறந்துபோனான், அவர் பிழைத்தார். பின்னர் 1948 வரை போர்க்கைதியாக இருந்தார். அங்கே விவிலியத்தின் புலம்பல் சங்கீதங்களும், சிலுவையில் இயேசு கதறிய பகுதியும் அவருடைய உள்ளத்தைத் தொட்டன. 1964-இல் வெளியான 'எதிர்நோக்கின் இறையியல்' என்ற அவருடைய நூல் முன்வைத்த கருத்தின் சாரம் இது: இறைவனின் வாக்குறுதியை உண்மையாக நம்புபவன் இன்றைய உலகத்தோடு சமாதானம் செய்துகொள்ள இயலாது. வரவிருக்கும் நீதியை அறிந்தவனுக்கே இன்றைய அநீதி அநீதியாகத் தெரியும். உண்மையான எதிர்நோக்கு மனிதனை உறங்கவிடாது.

ஓர் அடிமைப் பெண்ணின் மறுப்பு

இந்த உண்மைக்கு ஒரு வாழ்க்கையே சான்றாக உள்ளது. 2007 நவம்பர் 30-இல் எதிர்நோக்கைப் பற்றித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட சுற்றுமடலின் தொடக்கத்திலேயே இவரைக் குறிப்பிடுகிறார்.

ஏறத்தாழ 1869-இல் சூடானின் டார்ஃபூர் பகுதியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிறுமியாக இருக்கும்போதே அடிமை வணிகர்கள் அவளைக் கடத்திச் சென்றார்கள். அதிர்ச்சியில் தன் இயற்பெயரையே அவள் மறந்துபோனாள். 'பக்கீத்தா' என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் 'பேறு பெற்றவள்' என்று அதற்குப் பொருள். அவளைப் பலமுறை விற்றார்கள். இரத்தம் வரும்வரை அடித்தார்கள். அந்தத் தழும்புகள் வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. கடைசியில் ஓர் இத்தாலியத் தூதர் விலைக்கு வாங்க, 1885-இல் அவர் இத்தாலிக்கு வந்து சேர்ந்தார்.

வெனிஸ் நகரில் கனோசா சபைச் சகோதரிகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவர் இயேசுவைப் பற்றி அறிந்தார். அதுவரை அவர் அறிந்த 'எஜமானர்கள்' அனைவரும் சாட்டை ஏந்தியவர்கள். இப்போது, எல்லா எஜமானர்களுக்கும் மேலான ஓர் எஜமானர் உண்டு, அவரும் கசையடி பட்டவர், அவர் தன்னை அறிந்து தனக்காகக் காத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார். அச்சாரம் கைக்கு வந்துவிட்டது.

அவரைப் பணியில் வைத்திருந்த அம்மையார் மீண்டும் சூடானுக்கு அழைத்துச் செல்ல வந்தபோது பக்கீத்தா மறுத்தார். வாழ்நாளெல்லாம் கட்டளைக்குப் பணிந்தே பழகிய ஒருவர் சொன்ன 'மாட்டேன்' அது. விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. 1889 நவம்பர் 29-இல் அவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பாயிற்று. 1890 ஜனவரி 9-இல் திருமுழுக்குப் பெற்றார். 1896-இல் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். பின்னர் ஷியோ என்ற ஊரின் மடத்தில் பல ஆண்டுகள் சமையல், தையல், வாயில் காத்தல் போன்ற எளிய பணிகளைச் செய்தார். 1947-இல் காலமானார். 2000-ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எதிர்நோக்கு பக்கீத்தாவை மயங்க வைக்கவில்லை. நிமிர்ந்து நின்று மறுக்கும் வலிமையை அவருக்கு அதுவே தந்தது. நீதிமன்றம் விடுதலை அளிப்பதற்கு முன்பே அவர் உள்ளத்தில் விடுதலை தொடங்கிவிட்டது.

தாமதமும் விரிவும்

'இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்னும் அவர் வரவில்லையே?' என்ற கேள்வி எஞ்சுகிறது. இது புதிய கேள்வி அன்று. புதிய ஏற்பாட்டிலேயே, பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் கடிதம் இதை எடுத்துக்கொள்கிறது. இறைவனின் கால அளவு மனிதனுடையதைப் போன்றதல்ல. எவரும் அழிந்துவிடக் கூடாது என்ற பொறுமையே தாமதமாகத் தோன்றுகிறது என்பது அதன் விளக்கம்.

புனித அகஸ்டின் இதை உள்முகமாகக் காட்டுகிறார். கி.பி. 410-இல் ரோம் நகரம் கோத்தியர்களால் சூறையாடப்பட்டது. அப்போது வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்தவர்களுள் புரோபா என்ற செல்வக் குடும்பத்து விதவையும் ஒருவர். எப்படிப் பிரார்த்திப்பது என்று அவர் அகஸ்டினிடம் கேட்டார். அகஸ்டின் எழுதிய பதிலின் கருத்து: உண்மையான இன்ப வாழ்வு ஒன்றையே கேள். அது எப்படிப்பட்டது என்று நாம் முழுமையாக அறியோம். ஆனால் மனதில் தோன்றும் ஒவ்வொன்றையும் 'இது அதுவன்று' என்று விலக்கும் அளவுக்கு ஏதோ ஓர் அறிவு நமக்குள் இருக்கிறது. நகரமும் வாழ்வும் நிலைகுலைந்த ஒருவருக்குச் சொல்லப்பட்ட பதில் என்பதை நினைத்தால் இதன் ஆழம் புரியும்.

வேறொரு சொற்பொழிவில் அவர் பை ஒன்றை உவமையாகக் கூறுகிறார். இட வேண்டிய பொருள் பெரிது, பையோ சிறிது. ஆகவே பையை இழுத்து விரிக்கிறோம். இறைவன் தாமதிப்பது நம் வேட்கையை விரிப்பதற்காக; வேட்கை விரிய உள்ளம் விரிகிறது; விரிந்த உள்ளம் பெற்றுக்கொள்ளும் தகுதி அடைகிறது. இந்த நோக்கில், காத்திருக்கும் காலம் வீணாகும் காலம் அன்று. அதுவே பயிற்சிக் காலம்.

அன்றாடப் பயிற்சி

கிறிஸ்தவ வழிபாடு இந்தப் பயிற்சியை ஆண்டுதோறும் நடைமுறைப்படுத்துகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட பருவம் 'திருவருகைக் காலம்' எனப்படுகிறது. பெத்லகேமில் நிகழ்ந்த பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் காலம் என்றே பலரும் இதை எண்ணுகிறார்கள். கத்தோலிக்க வழிபாட்டில் அதன் முதற்பகுதி கிறிஸ்துவின் இறுதி வருகையைத்தான் முன்னிறுத்துகிறது. டிசம்பர் 17 முதலே கவனம் பிறப்பை நோக்கித் திரும்புகிறது. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை வைத்து வாரம் ஒன்றாக ஏற்றும் வழக்கமும் உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றிவிடுவதில்லை. ஒன்றின் வெளிச்சத்தில் அடுத்ததற்காகக் காத்திருக்கிறார்கள்.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களின் பிரார்த்தனைகளுள் ஒன்று 'மாரனாத்தா' என்ற அரமேயத் தொடர். 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று அதற்குப் பொருள் கொள்வர். கிரேக்க மொழி பேசிய மக்களுக்கு எழுதிய கடிதத்திலும் பவுல் அதை மொழிபெயர்க்காமலேயே விட்டுவைத்தார். அவ்வளவு நெருக்கமான பிரார்த்தனையாக அது இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பாடத்திலிருந்து எந்த மரபைச் சார்ந்த சாதகரும் பெறக்கூடிய சில பயிற்சிகள் உண்டு. முதலாவது, நாள் முடிவில் அன்று பெற்ற அச்சாரத்தை நினைவுகூர்வது. எவ்வளவு இருண்ட நாளிலும் ஏதேனும் ஒரு நன்மை நம் கையில் வைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு நன்றி கூறுவோம். இரண்டாவது, இறைவனுக்கு நாள் குறிப்பதைக் கைவிடுவது. 'இதற்குள் இது நடக்காவிட்டால் பிரார்த்தித்துப் பயனில்லை' என்று மனம் சொல்லும்போது, வாக்களித்தவரை விட்டு நம் கணக்கைப் பற்றிக்கொள்கிறோம் என்று உணர்வோம். மூன்றாவது, துயருற்றவர் அருகில் அமர்வது. ஒருவரையொருவர் தேற்றுமாறே தெசலோனிக்கருக்குச் சொல்லப்பட்டது. எதிர்நோக்கு தனியே காக்கப்படுவதில்லை. ஒருவரிடம் அது குறையும்போது மற்றவர் அதை அவருக்காகத் தாங்குகிறார். நான்காவது, கையில் உள்ள வேலையைச் செய்வது.

தெசலோனிக்கா மக்கள் தாங்கள் எதிர்பார்த்தபடி அந்த நாளைக் காணவில்லை. கேள்வி கேட்டவர்களும், கடிதம் எழுதியவரும், அதைச் சுமந்து சென்றவரும் தம் தம் காலம் முடிந்து மறைந்தார்கள். ஆனால் அவர்கள் வேலையை விடாமல், ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு, பெற்ற அச்சாரத்தை இழக்காமல் வாழ்ந்ததால் அந்தக் கடிதம் கை மாறி, தலைமுறை மாறி, இன்று நம் கைக்கும் வந்திருக்கிறது. நமக்கு வாக்களிக்கப்பட்ட நன்மை எதுவாயினும், அதன் நிறைவை இறைவனிடம் விட்டுவிட்டு, இன்று விழித்திருந்து உழைப்போம். அருகில் அழுபவரைத் தேற்றுவோம்.